ஆயத்துறையில் விழுந்த ஒளி

இத்தாலியின் தலைநகராகிய உரோமாபுரியில், பிரெஞ்சு மக்களுக்கென எழுப்பப்பட்ட தூய லூயி ஆலயம் உள்ளது. அதனுள் இடப்பக்கத்தின் கடைசியில் அமைந்த சிற்றாலயத்தை மூன்று பெரிய ஓவியங்கள் அணிசெய்கின்றன. மூன்றும் கிறித்துவின் சீடராகிய மத்தேயுவின் வரலாற்றைக் கூறுவன. மூன்றையும் தீட்டியவர் கரவாஜியோ. இடச்சுவரில் விளங்கும் 'மத்தேயுவின் அழைப்பு' என்பதே அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. 1599-ஆம் ஆண்டில் ஒப்பந்தமாகி, அடுத்த ஆண்டில் நிறைவெய்திய அவ்வோவியம், அகலத்திலும் உயரத்திலும் பத்தடிக்கு மேற்பட்டது.

மத்தேயு ஓர் ஆயக்காரர். உரோமரின் ஆட்சிக்காக வரி தண்டியவர். அத்தொழில் செய்வாரை அந்நாட்டு மக்கள் அறவே வெறுத்தனர். ஒருநாள் ஆயத்துறை வழியே சென்ற இயேசு, அங்கு அமர்ந்திருந்த அவரைக் கண்டு, தம்மைப் பின்தொடர்ந்து வருமாறு அழைத்தார். அவரும் எழுந்து சென்றார். நற்செய்தி நூல் இதனை ஒரே வசனத்தில் கூறி முடித்துவிடுகிறது. அழைப்புக்கும் எழுச்சிக்கும் இடையே அம்மனிதரின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த இடைவெளியையே கரவாஜியோ தம் ஓவியத்துக்குப் பொருளாகக் கொண்டார்.

படத்தில் ஒரு மங்கலான அறை தோன்றுகிறது. மேசையைச் சுற்றி ஐவர் உள்ளனர். மேசைமீது காசுகள் கிடக்கின்றன. ஐவரும் ஓவியர் வாழ்ந்த காலத்து உடையையே உடுத்துள்ளனர். இறகு செருகிய தொப்பியும், இடையில் தொங்கும் வாளும், முதியவர் ஒருவரின் மூக்குக்கண்ணாடியும் இயேசுவின் காலத்துக்கு உரியன அல்ல. பழங்கதை நேற்று நிகழ்ந்ததுபோல் தோன்றவேண்டும் என்பதே ஓவியரின் கருத்துப்போலும். வலக்கோடியில் இயேசுவும் பேதுருவும் வெறுங்காலுடன் நிற்கின்றனர். அவர்களுடைய உடை மட்டும் தொன்மையானது. பேதுருவின் உருவம் இயேசுவைப் பெரிதும் மறைத்துவிடுகிறது. அவருடைய முகமும் நீட்டிய வலக்கையுமே நமக்குப் புலப்படுகின்றன.

அக்கைக்கு மேலே, இருண்ட சுவரின்மீது, சாய்வாக ஓர் ஒளிக்கற்றை பாய்கிறது. இது எங்கிருந்து வருகிறது? அறையில் ஒரு சாளரம் உண்டு. ஆனால் அதன் வழியே ஒளி சிறிதும் நுழையவில்லை. ஒளியோ இயேசு நிற்கும் பக்கத்திலிருந்து, படத்துக்கு வெளியேயிருந்து வருகிறது. சிற்றாலயத்தின் பலிபீடத்துக்கு மேலே உண்மையான சாளரம் ஒன்று உள்ளது. அது இருக்கும் திசையும் படத்தின் ஒளி வரும் திசையும் ஒன்றே. ஆதலால், கோயிலுள் புகும் பகலொளியே ஓவியத்துள்ளும் புகுந்துவிட்டதோ என்று காண்போர் மயங்குவர். ஆயினும் அச்சிற்றாலயம் இருள் மிக்கது. காசு இட்டால் சிறிது நேரம் எரிந்து அணையும் மின்விளக்கு பிற்காலத்தில் அங்கு அமைக்கப்பட்டது. காசு எண்ணும் மேசையைக் காண்பதற்கும் காசு வேண்டியதாயிற்று!

ஒளி ஐவர்மீதும் படுகிறது. ஆனால் ஐவரும் அதனை உணரவில்லை. இடக்கோடியில் இளைஞன் ஒருவன் தலைகவிழ்ந்து காசுகளையே நோக்கியிருக்கிறான். அவன் அருகில் நிற்கும் முதியவரும் கண்ணாடியைப் பிடித்தவாறு காசுகளிலேயே கருத்தூன்றியுள்ளார். இளையோர் இருவர் திடுக்கிட்டு வந்தவரை நோக்குகின்றனர். ஒருவன் அருகிலிருப்பவர்மீது சாய்கிறான், மற்றவன் எழுபவன்போல் முன்னே வளைகிறான். நடுவில் தாடியுடன் அமர்ந்துள்ளவரே மத்தேயு என்பது நெடுங்காலமாகப் பலரும் கொண்ட கருத்து. அவருடைய இடக்கைவிரல், "என்னையா?" என்று வினவுவதுபோல் நீண்டிருக்கிறது. வலக்கையோ காசுகளைவிட்டு இன்னும் அகலவில்லை. ஒரு கை வினவ, மறு கை பற்றிக்கொண்டிருக்க, அம்மனிதரின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு நொடியில் ஊசலாடுகிறது. அலறலோ அழுகையோ எங்கும் இல்லை.

அவ்விரல் அவரையே சுட்டவில்லை, தலைகவிழ்ந்த இளைஞனையே சுட்டுகிறது என்று கூறும் அறிஞரும் உளர். அங்ஙனமாயின், அழைக்கப்பட்டவன் அழைப்பை இன்னும் அறியவே இல்லை. அடுத்த கணத்தில்தான் நிமிர்வான். எனினும் வியந்து விரிந்த கண்களும், தாம் காண்பதை நம்பவியலாத பார்வையும் தாடி மனிதரிடமே உள்ளமையால், பழைய கருத்தே பொருத்தமுடையது எனலாம்.

இயேசுவின் கையும் உற்றுநோக்கத் தக்கது. அது கட்டளையிடும் கையாக விறைத்து நிற்கவில்லை. மணிக்கட்டில் சற்றே தளர்ந்துள்ளது. சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையை அது நினைவூட்டுகிறது. கை அழைக்கும்போதே அவருடைய கால்கள் வெளியே செல்லத் திரும்பிவிட்டன. விடைக்காக அவர் காத்திருக்கப்போவதில்லை.

எதிரேயுள்ள வலச்சுவரில் மத்தேயுவின் கொலை தீட்டப்பட்டுள்ளது. அழைப்பை ஏற்றவர் அடைந்த முடிவு அது. அப்படத்தில் ஒளியின் பெரும்பகுதி விழுவது, கீழே சாய்ந்து கிடக்கும் மத்தேயுவின்மீது அன்று. வாளேந்தி அவருடைய கையைப் பற்றியிருக்கும் கொலையாளியின் உடல்மீது. நல்லோரை மட்டும் தேடிச்சென்று அழகுசெய்யும் ஒளியைக் கரவாஜியோ விரும்பவில்லை. அஞ்சிச் சிதறும் கூட்டத்தின் பின்னே, துயரம் தோய்ந்த முகத்துடன் ஒருவர் திரும்பிப் பார்த்தவாறு விலகிச் செல்கிறார். அம்முகம் ஓவியர் கரவாஜியோவின் முகமே என்பர்.