ஒரு துறையில் ஏற்றி மறு துறையில் இறக்கும் வியாபாரம்

யாழ்ப்பாணத்தில் கொள்வனவு செய்த சரக்கை நெடுந்தீவுக் கடைக்குக் கொண்டு சேர்ப்பவர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். லொறி குறிகட்டுவான் துறையோடு நின்றுவிடும். அங்கே மூட்டைகளை இறக்கி, படகுக்கு ஏற்றவாறு அடுக்கி, உப்புநீர் படாமல் மூடி, மறுகரையில் மீண்டும் இறக்க வேண்டும். சரக்கு அதே சரக்குத்தான். ஆனால் இந்த மாற்றத்தில் கவனம் தவறினால் இலாபம் கடலோடு போய்விடும்.

கணனி விளையாட்டு வியாபாரத்திலும் இதே வேலை நடக்கிறது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கொன்சோல் இயந்திரத்துக்கென ஆக்கப்பட்ட விளையாட்டைக் கணனிக்கு மாற்றியமைப்பதைப் 'போர்ட்டிங்' என்பார்கள். இதற்கு நல்ல உதாரணம் 'ஹேலோ' என்ற துப்பாக்கிச் சூட்டு விளையாட்டு.

பன்ஜி நிறுவனம் தயாரித்த இதனை 1999இல் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் அறிமுகம் செய்தார். அடுத்த வருடமே மைக்ரோசொப்ட் பன்ஜியை வாங்கியது. 2001 நவம்பரில் தனது எக்ஸ்பொக்ஸ் இயந்திரத்தைச் சந்தைக்கு விட்டபோது, ஹேலோவை அதற்கு மட்டுமே உரியதாக வைத்துக்கொண்டது. விளையாட்டுக்காகவே இயந்திரத்தை வாங்கியோர் பலர். கணனிப் பிரதி 2003 செப்டெம்பரில்தான் வந்தது. மாற்றும் வேலையைச் செய்தது கியர்பொக்ஸ் என்ற வேறு நிறுவனம்.

இதில் என்ன கஷ்டம்? எக்ஸ்பொக்ஸ் எல்லாம் ஒரே அச்சு. 733 மெகாஹேர்ட்ஸ் செயலி, 64 மெகாபைட் நினைவகம். கணனியோ வீட்டுக்கு வீடு வேறு. கைப்பிடிக்குப் பதிலாக மவுஸும் கீபோர்டும். கணனிப் பிரதியில் இணையம் மூலம் பலர் மோதும் வசதி சேர்க்கப்பட்டது. ஆனால் இருவர் சேர்ந்து கதையை விளையாடும் வசதி விடுபட்டது. எக்ஸ்பொக்ஸில் தடையின்றி ஓடியது, பல கணனிகளில் திணறியது என்ற முறைப்பாடும் எழுந்தது.

இரண்டாம் பாகத்தில் நேர்ந்தது இன்னும் பெரிய பிழை. 2004 நவம்பரில் எக்ஸ்பொக்ஸில் வெளியாகி, அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் நாளிலேயே 12.5 கோடி டொலர் விற்பனை கண்ட 'ஹேலோ 2', கணனிக்கு வந்தது 2007 மே மாதத்தில். அதுவும் அப்போது புதிதாக வந்திருந்த விண்டோஸ் விஸ்டாவுக்கு மட்டும். பெரும்பாலானோர் பாவித்ததோ பழைய எக்ஸ்பி. ஓடுகின்ற சரக்கைக் காட்டி ஓடாத சரக்கை விற்கப் பார்த்தார்கள். நயினாதீவில் ஆனி உற்சவக் கூட்டம் கலைந்த பின் கடை விரித்து, அதிலும் புதுப் பை வாங்கியவருக்கு மட்டுமே பொருள் தருவேன் என்றது போலாயிற்று.

நிறுவனம் பின்னர் வழியை மாற்றிக்கொண்டது. 2021 டிசம்பரில் 'ஹேலோ இன்பினிட்' எக்ஸ்பொக்ஸுக்கும் கணனிக்கும் ஒரே நாளில் வந்தது. முதல் பாகத்தின் புதிய வடிவத்தைப் போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் 5க்கும் 2026இல் தருவதாக 2025 ஒக்டோபரில் அறிவித்தது.

நமது சிறு வியாபாரிகளுக்கு இதில் பாடம் உண்டு. ஒரு பொருளை முதன்முதலில் உருவாக்குவதற்கே பெருஞ்செலவு. அதனை இரண்டாவது சந்தைக்குக் கொண்டுபோகும் செலவு அதைவிடக் குறைவு. குறைவு என்பதால் அலட்சியம் கூடாது. ஊர்காவற்றுறையில் நன்றாக ஓடும் கடைக்கு நெடுந்தீவில் கிளை திறப்பவர், அங்குள்ளவரிடம் என்ன இருக்கிறது, எப்போது வாங்குவார், எதை விட்டுவிட்டால் மனம் நோவார் என்பதை முதலில் அறிய வேண்டும். மறுகரையை அறிந்த ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்வதும் நல்லது.

இன்னொன்றும் உண்டு. உரிமையாளரின் அனுமதியோடு மாற்றுவது வியாபாரம். அனுமதியின்றி இறுவட்டில் பிரதி எடுத்து விற்பது, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றம். விளையாட்டு நிலையம் நடத்த எண்ணும் இளைஞர்கள் முதலீட்டுக் கணக்குப் போடும்போதே இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.