கல்யாணப் படமும் கைக்கு அடங்கிய செலவும்

கெட்டி மேளம் முழங்குகிறது. மண்டபத்தில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து அட்சதை தூவுகிறார்கள். பெண்ணின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் அட்சதையும் தூவாமல், கண்ணையும் துடைக்காமல், ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆசாமி ஒருவர் உண்டு. அவர்தான் வீடியோக்காரர்!

மூன்று முடிச்சு விழ எவ்வளவு நேரமாகிறது? அரை நிமிஷம் இருக்குமா? அந்த அரை நிமிஷத்தை விட்டுவிட்டால் விட்டதுதான். "மாப்பிள்ளை, ஒருமுறை அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டுங்கள்" என்று யாராவது சொல்ல முடியுமா?

சரி, படம் நன்றாகவே விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஆபத்து தீர்ந்ததா? இல்லை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் நடக்கும் வேலையில்தான் பல கல்யாணங்கள் கெட்டுப்போகின்றன.

பெண் முகத்தில் நோட்டீஸ்!

எங்கள் உறவினர் வீட்டில் சில வருஷங்களுக்கு முன் நடந்த சம்பவம் இது. கல்யாணம் முடிந்து நான்கு மாதம் கழித்து டி.வி.டி. வந்தது. குடும்பமே கூடத்தில் கூடி உட்கார்ந்தது. மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் வந்தன. தாலி கட்டும் கட்டம் வந்தபோது, பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் தெரிந்தது!

"இது என்னடி, பெண் முகத்தில் யாரோ நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களே!" என்றாள் பாட்டி.

விசாரித்தபோது விஷயம் வெளியாயிற்று. வீடியோக்காரர் பயன்படுத்தியது காசு கட்டாத, பரீட்சார்த்தமாகக் கொடுக்கப்படும் சாப்ட்வேர். காசு கட்டும் வரையில் அது தன் முத்திரையைப் படத்தின் மேல் குத்திக்கொண்டே இருக்கும். "அதை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அதற்குள் அவருடைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து மூலப்படம் முழுவதும் அழிந்துவிட்டிருந்தது. இன்றைக்கும் அந்த வீட்டில் அந்த எழுத்தோடுதான் தாலி கட்டுகிறார்கள்.

சென்ற மாதம் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு வாலிபர் என்னைத் தேடி வந்தார். ஸ்டூடியோக்காரர்களோடு பழகிப் பழகி எனக்கும் இதில் கொஞ்சம் தெரியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஐயா, சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் காமிராவும் கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டேன். கையில் 12,000 ரூபாய்தான் மிச்சம். எல்லா சாப்ட்வேரையும் ஒரே பென் டிரைவில் போட்டு 500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?" என்று கேட்டார்.

"தம்பி, அம்மாவின் சங்கிலி திரும்ப வேண்டுமானால் அதை மட்டும் வாங்காதே" என்றேன். அவருக்குச் சொன்னதையே இங்கே விவரமாகச் சொல்கிறேன். தொழில் செய்பவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

சமையல் வேறு, பந்தி வேறு

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே இருப்பது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. எடுத்த படத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்ப்பது எடிட்டிங். இது சமையல். முடிந்த படத்தை டி.வி.டி.க்குரிய எம்பெக்-2 என்ற முறைக்கு மாற்றி, "முகூர்த்தம்", "வரவேற்பு" என்று பட்டியல் போட்டு, ரிமோட்டை அழுத்தினால் அந்தந்த இடத்துக்குப் போகும்படி தட்டில் பதிப்பது இன்னொரு வேலை. இது பந்தி பரிமாறுவது. சமைக்கத் தெரிந்த சாப்ட்வேருக்கெல்லாம் பரிமாறத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது.

காசில்லாமல் கிடைப்பவை

எடிட்டிங்குக்கு ஷாட்கட், கேடென்லைவ் என்ற இரண்டும் முற்றிலும் இலவசம். முத்திரை கிடையாது, கெடு கிடையாது. சம்பாதிக்கும் தொழிலுக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. கம்ப்யூட்டர் சற்று மந்தமானதாக இருந்தால், படத்தின் சிறிய பிரதியை வைத்து வேலை செய்துவிட்டு, கடைசியில் பெரிய படத்தையே வெளியிடும் வசதியும் இவற்றில் உண்டு.

இன்னும் உயர்ந்த ரகம் வேண்டுமென்றால் டாவின்ஸி ரிசால்வ் இருக்கிறது. சினிமாப் படங்களுக்கு வர்ணம் திருத்தும் கருவியாகப் பெயர் பெற்றது இது. 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் கம்பெனி இதை வாங்கியது. இதன் இலவசப் பதிப்பே கல்யாண வேலைக்குத் தாராளமாகப் போதும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இது நொண்டும். விலைப் பதிப்புக்கு மட்டும் உரிய ஜாலங்களை இலவசப் பதிப்பில் தொட்டால் முத்திரை விழும். பாட்டி சொன்ன நோட்டீஸ் ஞாபகம் இருக்கட்டும்! விலைப் பதிப்பு 295 டாலர். ஒரே தடவை கட்டினால் போதும்.

பந்தி பரிமாற டி.வி.டி.ஸ்டைலர் என்ற இலவச சாப்ட்வேர் உண்டு. எம்பெக்-2 ஆக மாற்றுவது, பட்டியல் அமைப்பது, தட்டில் பதிப்பது எல்லாம் அதுவே செய்யும். எதையும் அதனதன் சொந்த இடத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். வழியில் கிடைக்கும் பிரதிகளோடு வேண்டாத விருந்தாளிகளும் வந்து சேரும்.

காசு கொடுத்து வாங்கும் சரக்கும் உண்டு. நம் ஊர்க் கல்யாண ஸ்டூடியோக்களில் நெடுநாளாகப் புழங்குவது எடியஸ். அடோபி பிரீமியரின் புதிய பதிப்புகளை 2013 முதல் சந்தாவுக்குத்தான் தருகிறார்கள். ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லாவிட்டாலும் சந்தா நிற்காது. மாதம் தவறாமல் வேலை வருகிறவர்களுக்கு அது சரி. புதிதாகக் கடை திறப்பவருக்குச் சுமை.

கடையை மூடியவர்கள்

பெரிய கம்பெனிப் பெயரைக் கண்டு மயங்கவும் கூடாது. டி.வி.டி. தயாரிக்க அடோபி வைத்திருந்த என்கோர், 2012-ல் வந்த பதிப்போடு நின்றுவிட்டது. ஆப்பிள் 2011-ல் டி.வி.டி. ஸ்டூடியோ புரோவைக் கைவிட்டது. விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றோடு வந்த டி.வி.டி. மேக்கரை, 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8-ல் காணோம். அவற்றை நம்பிப் பாதி வேலையை வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். ஆகையால் வேலை முடிந்ததும், எந்த சாப்ட்வேரும் திறக்கக்கூடிய சாதாரண எம்.பி.4 படமாக ஒரு முழுப் பிரதியை எடுத்து வைப்பது அவசியம்.

கொஞ்சம் கணக்கு

ஒரு சாதாரண டி.வி.டி. 4.7 ஜிகாபைட் கொள்ளும். அதாவது 470 கோடி பைட். எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரப் படம் என்றால் ஒரு வினாடிக்குப் படமும் ஒலியும் சேர்த்து 52 லட்சம் பிட் கிடைக்கும். பார்க்க நன்றாக இருக்கும். அதே தட்டில் மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 35 லட்சம்கூடத் தேறாது. நாதஸ்வரக்காரர் விரலசைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். இந்தக் குறைக்கு எந்த சாப்ட்வேரிலும் மருந்து இல்லை. முகூர்த்தத்துக்கு ஒரு தட்டு, வரவேற்புக்கு ஒரு தட்டு என்று பிரித்துக் கொடுங்கள்.

நம் நாட்டு டி.வி.டி. பால் முறையைச் சேர்ந்தது. பசும்பால் அல்ல, படக்காட்சி முறைக்கு அப்படிப் பெயர்! அதில் படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளி. வினாடிக்கு 25 படம். அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. என்ற வேறு முறை. அங்கே விற்ற பிளேயர்களில் பலவற்றில் நம் தட்டு ஓடாது. பிள்ளை நியூஜெர்ஸியில் இருக்கிறான் என்றால் வேலை தொடங்கும்போதே கேட்டுக்கொண்டு, அவனுக்கு அந்த முறையில் தனித் தட்டுப் போடுவது நல்லது. ஒன்று தெரியுமா? 1920-க்கு 1080 என்று எடுத்த படத்தின் புள்ளிகளில் சரியாக ஐந்தில் ஒரு பங்குதான் டி.வி.டி.யில் ஏறுகிறது. ஆகவே தட்டு மட்டும் கேட்கிற வீட்டுக்காக விலை உயர்ந்த சாப்ட்வேர் வாங்குவது வீண்.

"இந்தக் காலத்தில் யார் ஐயா தட்டுக் கேட்கிறார்கள்?" என்பீர்கள். வாஸ்தவம். புதுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் தட்டுப் போட இடமே இல்லை. தனியாக ஒரு டிரைவ் வாங்கி மாட்டவேண்டும். ஆனால் பழைய பிளேயரை இன்னும் துடைத்து வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தட்டு, மற்றவர்களுக்குப் பென் டிரைவ் என்று இரண்டும் கொடுப்பதே புத்திசாலித்தனம். பென் டிரைவ் எப்.ஏ.டி.32 முறையில் இருந்தால் ஒரே பைலாக 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஏறாது என்பதையும் கவனியுங்கள்.

500 ரூபாய்ச் சரக்கு

அந்தப் பென் டிரைவ் விஷயத்துக்கு வருவோம். பூட்டு உடைத்த சாப்ட்வேரைத் தெரிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை. 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யாதவர்களுக்குக் கோர்ட்டு சிறையை விலக்கலாம். கூலி வாங்கிப் படம் எடுப்பவர் அப்படிச் சொல்லித் தப்ப முடியுமா? சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உடைத்த பூட்டோடு வைரஸும் உள்ளே வரக்கூடும். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் அந்தக் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது?

வாலிபர் செய்தது

"அப்படியானால் 12,000 ரூபாயை என்ன செய்வது?" என்று கேட்டார் வாலிபர்.

"சாப்ட்வேருக்கு ஒரு காசும் வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கு. ஒன்று கடையில், ஒன்று வீட்டில். மண்டபத்திலிருந்து திரும்பிய அன்று இரவே இரண்டிலும் படத்தை ஏற்று. அதற்குப் பிறகு சாப்பிடு" என்றேன். இன்னொன்றும் சொன்னேன். முதல் கல்யாணத்துக்கு முன்பே, சொந்த வீட்டில் பத்து நிமிஷம் எதையாவது எடுத்து, வெட்டி, ஒட்டி, தட்டில் பதித்து, பக்கத்து வீட்டுப் பழைய பிளேயரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது ஓடினால்தான் முன்பணம் வாங்கலாம்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. ஒத்திகைக்கு அம்மா வாசலில் கோலம் போடுவதை எடுத்தாராம். முதல் தட்டு ஓடவில்லை. இரண்டாவதில் ஒலி முந்திக்கொண்டது. மூன்றாவது சரியாக ஓடியது. அம்மா அதை நான்கு தரம் போட்டுப் பார்த்தாளாம்.

"சங்கிலி எப்போது திரும்பும் என்று கேட்டார்களா?" என்றேன்.

"இல்லை ஐயா, இன்னொரு தடவை போடு என்றுதான் கேட்டார்கள்" என்றார்.

முதல் கல்யாணம் வருகிற தை மாதம். பையன் பிழைத்துக்கொள்வான் என்றுதான் தோன்றுகிறது!