எந்தப் பள்ளியில் சேர்ப்பது?



பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு மும்பை, டெல்லி போன்ற மாநகரங்களில் குடியேறியிருக்கும் நம் சபைக் குடும்பங்களில், பிள்ளைக்கு ஆறு வயது நெருங்கும்போது ஒரு கேள்வி எழும்புகிறது. கட்டணமில்லாத மாநகராட்சிப் பள்ளியா, கடன்பட்டாவது கிறிஸ்தவ நிர்வாகத்தின் கான்வென்டா? கான்வென்டில் சேர்த்துவிட்டால் பிள்ளை விசுவாசத்தில் வளர்ந்துவிடும் என்று அநேகர் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்ந்து பார்ப்போம்.

தானியேல் பாபிலோன் அரண்மனையில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களிலும் தேறினான். இருவரும் தேவனை விட்டு விலகவில்லை. தீமோத்தேயுவின் விசுவாசமோ பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் முதலில் குடிகொண்டிருந்தது. தேவனுடைய வார்த்தையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் பொறுப்பை உபாகமம் 6ஆம் அதிகாரம் பெற்றோரிடமே ஒப்புவிக்கிறது.

மாநகராட்சிப் பள்ளியில் வேறு மதவழிபாட்டிற்குப் பிள்ளை உட்படுமோ என்று அஞ்சுகிறீர்களா? நம் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, முழுவதும் அரசு நிதியால் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளிகளிலும், பெற்றோரின் சம்மதமின்றி மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறும்படி பிள்ளையைக் கட்டாயப்படுத்த இயலாது. தேவைப்பட்டால் தலைமையாசிரியரிடம் பணிவோடு எழுதிக் கொடுங்கள். கான்வென்டிலும் இதே உரிமை உண்டு. அநேக கான்வென்டுகள் கத்தோலிக்க சபையாருடையவை, அவர்களுடைய ஆராதனை முறை நம்முடையதினின்று வேறுபட்டது என்பதையும் மறவாதிருங்கள்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உறுதியளிக்கிறது. ஊர் மாறி வந்தவர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும், அரசுப் பள்ளியில் சேர்க்கை மறுக்கலாகாது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை எளியோரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். ஆனால் 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாதென்று தீர்ப்பளித்தது. 2025இல் அத்தீர்ப்பு பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. ஆகவே அந்த 25 விழுக்காட்டை நம்பிக் கான்வென்ட் வாசலில் காத்திருக்க வேண்டாம்.

தாய்மொழியையும் எண்ணிப் பாருங்கள். மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்திற்கு ஏழு பள்ளிகள் உண்டு. தமிழ் எழுத்தறியாத பிள்ளை, சபையில் வேதாகமம் வாசிக்கப்படும்போது வெறுமனே உட்கார்ந்திருக்கும். தமிழ்வழிப் பள்ளியாயின், எந்த வகுப்பு வரை உள்ளது, அதன்பின் எங்கே சேர்ப்பது என்பதை முன்னதாகவே விசாரியுங்கள்.

கான்வென்டின் ஒழுக்கமும் ஆங்கிலமும் நல்லவையே. வருமானம் இடங்கொடுத்தால் தாராளமாகச் சேர்க்கலாம். வட்டிக்கு வாங்கித்தான் கட்டவேண்டுமென்றால் நிதானியுங்கள். கடனை அடைக்கத் தகப்பன் இரவிலும் வேலை, தாய் ஞாயிறும் வேலை என்றாகிவிட்டால், அந்த வீட்டில் குடும்ப ஜெபத்தை நடத்துவது யார்? எந்த விசுவாசத்திற்காகக் கான்வென்டைத் தேடினோமோ, அதை ஊட்டும் வேளையையே கட்டணமாகச் செலுத்திவிடுவோம்.

இரண்டு பள்ளிகளையும் நேரில் சென்று பாருங்கள். ஆசிரியர்கள் ஒழுங்காக வருகிறார்களா, கழிப்பறை உண்டா, பிள்ளை தனியே சாலையைக் கடக்க வேண்டுமா என்று கவனியுங்கள். கணவனும் மனைவியுமாக ஜெபித்துத் தீர்மானியுங்கள். எந்தச் சீருடை அணிந்து சென்றாலும், மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்காக ஒரு வேதாகமமும் அரைமணி நேரமும் ஆயத்தமாயிருக்கட்டும்.