கடைக்கு ரூட்டர் பொருத்தும் முன்...

லாரியில் பீங்கான் சரக்கு ஏற்றியாகிவிட்டது. போக வேண்டியது பக்கத்திலுள்ள புதுச்சேரிக்குத்தான். ஆனால் அது வேறு மாநிலக் கணக்கு. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. அந்த நேரம் பார்த்து இன்டர்நெட் நின்றுவிட்டால்? ஒரு நாள் கைப்பேசியில் சமாளிக்கலாம். பில்லும் ஸ்டாக்கும் கம்ப்யூட்டரில் இருக்கும் கடைக்கு அது நீடிக்காது. ஆகவே ரூட்டர் பொருத்தும் வேலையை மெக்கானிக் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ரூட்டர் நம் விருத்தாசலம் ஜங்ஷன் மாதிரி. விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் வண்டிகளை அதனதன் தடத்தில் திருப்புவதுபோல, வெளியிலிருந்து வரும் இணைப்பை பில் கம்ப்யூட்டர், கேமரா, குடோன் என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை.

இடம்: ராக்கில் பொருத்தும் கருவியின் அகலம் 19 அங்குலம். உயரத்தை 'யு' கணக்கில் சொல்வார்கள். ஒரு யு ஒன்றே முக்கால் அங்குலம். பீங்கான் பட்டறைத் தூசி, மல்லாட்டை மண்டித் தூசி எதுவானாலும் ரூட்டரின் விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும்; சூடேறி நின்றுவிடும். எனவே ராக்கை ஆபீஸ் அறைச் சுவரில், காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். கனமான யு.பி.எஸ். அடியில் இருக்கட்டும்.

எர்த்: ராக்கின் இரும்புச் சட்டத்திற்கும் ரூட்டருக்கும் முதலில் எர்த் வயர், பிறகே கரண்ட், அதுவும் யு.பி.எஸ். வழியாக. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இதன் அருமை தெரியும்.

வயர்: கம்பெனியார் தரும் பெட்டியிலிருந்து வரும் வயர் 'வான்' துளைக்கு, கடைக்குள் போகும் வயர்கள் 'லான்' துளைகளுக்கு. சாதாரண நெட்வொர்க் வயர் 100 மீட்டர் வரைதான். குடோன் அதற்கும் தொலைவென்றால் ஃபைபர் இழுக்க வேண்டும். ஒவ்வொரு வயரிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்.

அமைப்பு: கருவியோடு வந்த பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், அது ஊருக்கே தெரிந்த பூட்டு. கேமராவையும் வாடிக்கையாளர் வைஃபையையும் பில் கம்ப்யூட்டரிலிருந்து தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எல்லா விவரங்களையும் நோட்டில் எழுதி, கல்லாவில் பூட்டி வையுங்கள்.

முடிந்தால் வேறொரு கம்பெனியின் லைனையும் சேர்த்து, இரண்டு வான் துளை உள்ள ரூட்டராக வாங்குங்கள். மெக்கானிக்குப் பணம் கொடுக்கும் முன் முதல் லைனின் வயரை உருவச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் இரண்டாவது லைனில் பில் போட முடிகிறதா என்று கண்ணால் பாருங்கள். முடிந்தால்தான் வேலை முடிந்தது.