அந்தி வானில் அயனிக் குமிழ்கள்

மார்ச் மாதத்து முன்னிரவு. மழை இல்லை, மேகமும் இல்லை. நாகமலை புதுக்கோட்டையில் மொட்டை மாடியில் நின்று, மதுரை விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்து செல்லும் விமானத்தைப் பார்க்கிறோம். வானம் தெளிவாக இருப்பதாகவே சொல்வோம். ஆனால் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் வானம் கொந்தளிக்கும் வேளை இதுதான்.

கதிரவனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல் வளிமண்டல அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு மின்னூட்டம் பெற்ற பகுதியே அயனி மண்டலம். சிற்றலை வானொலி அலைகளை இது தரைக்குத் திருப்பி அனுப்புகிறது. ஜி.பி.எஸ். அலைகளோ இதை ஊடுருவி வந்துவிடும். ஆனால் சற்றுத் தாமதமாக. அலை வந்து சேரும் நேரத்தைக் கொண்டுதான் கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. ஒரு நானோவிநாடி பிசகினால் 30 சென்டிமீட்டர் பிழை. 50 நானோவிநாடி பிசகினால் 15 மீட்டர். சாலையில் ஓடும் பேருந்துக்கு இது பொருட்டல்ல. ஓடுதளத்தில் இறங்கும் விமானத்தின் உயரக் கணக்கில் இது பெரும் பிழை.

இத்தொல்லை நம் நாட்டில் மிகுதி. காந்த நடுக்கோடு தென்முனையை ஒட்டிச் செல்வதே காரணம். 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் அக்கோடுதான் காரணம். இங்கே பகலில் எலெக்ட்ரான்கள் நீரூற்றுப்போல மேலெழும்பி, காந்த விசைக்கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன. ஆகவே குஜராத், மத்தியப் பிரதேசப் பகுதிகளின் மேல் அடர்த்தி மிகுகிறது. கதிரவன் மறைந்ததும் கீழடுக்கு விரைவில் மெலிந்துவிடும். அடர்ந்த அடுக்கு மேலே நிற்கும். தண்ணீருக்கு அடியில் எண்ணெய் இருந்தால் என்ன ஆகும்? மேலே வரும் அல்லவா? அதுபோலவே அடர்த்தி குறைந்த பகுதிகள் குமிழ்களாக எழுகின்றன. அவற்றைக் கடக்கும் அலை, விண்மீன்போல மினுக்குகிறது. சில சமயம் கருவி அதைத் தவறவிட்டுவிடும்.

அமெரிக்கா 2003 முதல் பயன்படுத்தும் திருத்த முறை, அயனி மண்டலத்தை ஒரே மெல்லிய ஓடாகக் கருதுவது. நம் வானத்துக்கு அது போதவில்லை. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய 'ககன்' முறைக்கெனப் பல அடுக்குகள் கொண்ட கணிப்பு முறை வகுக்கப்பட்டது. இடம் துல்லியமாகத் தெரிந்த 15 தரை நிலையங்கள் பிழையை அளக்கின்றன. திருத்தம் ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியே விமானத்தை அடைகிறது. 2022 ஏப்ரல் 28-இல் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோ ஏ.டி.ஆர். விமானம் இம்முறையில் இறங்கிக் காட்டியது.

பயணிகள் அஞ்ச வேண்டியதில்லை. பெரிய நிலையங்களில் ஓடுதளத்தருகிலிருந்தே வானொலிக் கற்றைகள் வழிகாட்டுகின்றன. அவை அயனி மண்டலத்தைத் தொடுவதே இல்லை. அவ்வசதி இல்லாத சிறு நிலையங்களுக்குத்தான் ககன் பெரிதும் வேண்டும். குமிழ்கள் மிகுந்த இரவில் அது திருத்தம் சொல்லாமல், 'என்னை நம்பாதே' என்று எச்சரித்து விலகிக்கொள்ளும். பிழையான உயரத்தைத் தருவதைவிட இது எவ்வளவோ மேல்.

மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒவ்வொன்றின் அலை வலிமையையும் காட்டும் செயலிகள் கைப்பேசிக்குக் கிடைக்கின்றன. மார்ச் அல்லது செப்டம்பரில், திறந்த மாடியில் கைப்பேசியை அசையாமல் வைத்து, இரவு 8 மணி முதல் 11 மணி வரை எண்களைக் குறியுங்கள். நண்பகலிலும் அவ்வாறே குறியுங்கள். மரமும் கட்டடமும்கூட அலையை ஏறியிறங்கச் செய்யும். எனவே பல நாள் பார்த்து ஒப்பிடுவது அவசியம்.