பலாங்கொடையைத் தெரியுமா?

இரத்தினபுரியில் பஸ் ஏறி, பெல்மதுளை தாண்டி, ஏ-4 வீதியில் மேலே போனால் வருகிற ஊர் பலாங்கொடை. நகரசபை உள்ள சின்ன ஊர்தான். சுற்றுத் தோட்டத்து ஆட்கள் சம்பள நாளில் சாமான் வாங்க இறங்குவார்கள். தூரப் பயணம் போகிறவர்கள் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் இந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் தெற்காசியாவின் ஆதி மனிதனைப் பற்றி எழுதவே முடியாது, தெரியுமா?

ஆம், 'பலாங்கொடை மனிதன்'! பெயர் வைத்தவர் தொல்லுயிர் அறிஞர் பி.ஈ.பி. தெரணியகல. அந்த மனிதனின் எச்சங்கள் குருவிட்டைப் பக்கம் பட்டதொம்பலென குகையிலும், கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில் பெலிலென குகையிலும் கிடைத்தன. 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டுக்குள் வாழ்ந்தவர்கள் இவர்கள். குரங்கை வேட்டையாடினார்கள், மர நத்தையைத் தின்றார்கள், காட்டு ஈரப்பலாவைச் சுட்டார்கள். கடலே தெரியாத இந்த மலைக்குள் கடற்சிப்பியில் செய்த மணிகளும் கிடைத்திருக்கின்றன. ரோடும் இல்லை, மாட்டு வண்டியும் இல்லை. கரையிலிருந்து யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி அந்தச் சிப்பி இங்கே ஏறி வந்ததோ!

இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் தூக்கம் வராது.

மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர்களுக்கு 'இல்லம்' தெரியும். மாணிக்கம் கலந்து கிடக்கும் சரளை மண். அதைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றி அரிக்கும்போது, பாரமான கல்லெல்லாம் அடியில் தங்கும். பலாங்கொடைப் பக்கத்து இல்லத்தில் அப்படித் தங்கியவற்றில் ஒன்று, சின்னப் பகடைக்காய் போல ஆறு முகம் கொண்ட கறுப்புக் கல். மினுமினுப்பு இல்லை, மோதிரத்தில் பதிக்கவும் முடியாது. ஆனால் அதன் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத கனம். 1904இல் அந்தக் கல்லை ஆராய்ந்தவர் அப்போது இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் மகன். பின்னாளில் சிவனின் நடனத்தைப் பற்றி எழுதி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தாரே, அவரேதான்! அவர் அதை யுரேனினைட் என்று நினைத்தார். லண்டனில் டன்ஸ்டன் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய முக்கால் பங்கு தோரியம் ஒக்சைட்டு! உலகம் அதுவரை அறியாத கனிமம். தோரியனைட் என்று பெயரிட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஆங்கிலம் பழகிக்கொள்ளலாம் என்று லண்டனுக்கு வந்திருந்தார் ஓர் இளம் ஜெர்மானியர். பேராசிரியர் ராம்சே அவரிடம் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்தெடுத்த உப்பைக் கொடுத்து, "இதிலிருந்து ரேடியத்தைப் பிரி" என்கிற வேலையைத் தந்தார். பிரிக்கப் போன இடத்தில் அவர் 1905இல் கண்டது யாரும் அறியாத வேறொரு கதிரியக்கப் பொருள், ரேடியோதோரியம். அந்த இளைஞர்தான் ஓட்டோ ஹான்! அணுவைப் பிளக்க முடியும் என்று 1938இல் காட்டி, 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர். அவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்புக்குக் கச்சாப் பொருள் போனது நம் இலங்கைச் சரளை மண்ணிலிருந்து. செக் நாட்டில் யாகிமோவ் என்றொரு சிற்றூர் உண்டு. கியூரி தம்பதி ரேடியத்தைப் பிரித்த தாது அங்கிருந்து போனது என்பதை விஞ்ஞான மாணவர்கள் படிக்கிறார்கள். பலாங்கொடைக் கல்லையும் அதே மூச்சில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

இதே பலாங்கொடைப் பக்கத்தில் காற்றால் எஃகு செய்தார்கள், தெரியுமா? ஆனி, ஆடியில் சோளகக் காற்று எப்படி வீசும் என்பது மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குத் தெரியும். தலையில் மாட்டிய கூடையையே பின்னுக்கு இழுக்கும். சமனலவெவ மேட்டில் மேற்குப் பார்த்த சரிவுகளில் அந்தக் காற்றை நம்பி உலை கட்டினார்கள் பழங்காலக் கொல்லர்கள். துருத்தி இல்லை, துருத்தி மிதிக்க ஆளும் இல்லை. நீர்த்தேக்கம் கட்டுமுன் நடந்த ஆய்வில் கில் ஜூலெஃப் என்ற பெண் அறிஞர் இந்த உலைகளின் தடயங்களைக் கண்டார். காற்றை மட்டும் நம்பி இரும்பு உருக்க முடியாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் அதேபோல உலை கட்டி, அதே பருவக்காற்றில் மூட்டிக் காட்டினார்: கார்பன் மிகுந்த எஃகே கிடைத்தது! 1996இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதும்போது சரண்தீவின், அதாவது இலங்கையின், எஃகையும் குறிப்பிடுகிறார்.

அந்த உலைகளில் பல இன்று சமனலவெவ நீருக்கடியில். 1992இல் நீர் நிரப்பியபோது வலது கரைப் பக்கம் உடைத்துக்கொண்டு ஒழுகத் தொடங்கியது. படகுகளில் களிமண் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒழுக்கு குறைந்தது, நிற்கவில்லை. அந்த ஒழுக்கு நீர்தான் கல்தொட்டை வயல்களுக்குப் பாய்கிறது!

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இரத்தினபுரி மாவட்டத்தில் பிறந்தவர். 1940இல் அவருக்குத் திருமணம் நடந்தது பலாங்கொடை மஹவலதென்ன வளவில். அவர்தான் 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தார். 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. லயத்தில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வளவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒரே குடும்பத்தில் அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏற, தம்பி மலையில் நின்றான். இதை வியப்பு என்று எழுத என் கை கூசுகிறது. ஆனாலும் இந்த ஊரின் கதையில் இதை விட்டுவிட்டு எதை எழுதுவது?

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைச் சமனலவெவ கரைக்கு அழைத்துப் போங்கள். ஜூலை மாதமாகப் பார்த்துப் போங்கள்; காற்று அப்போதுதான் வீசும்.