பாம்புக்கு எவ்வளவு பெரிய வீடு வேண்டும்?

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் இங்கிலாந்தில், நாய், பூனை வளர்ப்பது போலப் பாம்பு வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்!

அவர்களில் பலர் விரும்பி வளர்ப்பது "கார்ன் ஸ்நேக்". சோளப் பாம்பு என்று பொருள். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிதான் இதன் தாயகம். இதற்கு விஷம் கிடையாது. எலிதான் உணவு.

கண்ணாடிக் கதவு போட்ட பெட்டியில் இந்தப் பாம்பை வைக்கிறார்கள். அந்தப் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

குட்டி வளரும்

குட்டி சுமார் 1 அடி நீளமே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சின்னப் பெட்டி வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் வளர்ந்த பாம்பு 4 அடி முதல் 5 அடி வரை இருக்கும். 20 ஆண்டு வரைகூட உயிர் வாழும். அத்தனை காலமும் அந்தப் பெட்டிதான் அதற்கு உலகம்!

சுருண்டு கிடப்பதுதானே?

"பாம்பு சுருண்டுதானே கிடக்கிறது! அதற்கு எதற்கு நீளமான பெட்டி?" என்று சிலர் கேட்பார்கள்.

இதை ஆராய்ந்தவர்கள் 2019-ம் ஆண்டு ஒரு விவரத்தை வெளியிட்டார்கள். 65 பாம்புகளை ஒரு மணி நேரம் கவனித்ததில், 24 பாம்புகள் உடம்பை நேராக, அல்லது ஏறக்குறைய நேராக நீட்டின!

ஆகவே, பாம்பு 5 அடி என்றால் பெட்டியும் 5 அடிக்குக் குறையக் கூடாது. 2 அடி அகலம், 2 அடி உயரம் இருந்தால் நல்லது. இது மரம் ஏறும் பாம்பு. ஏறுவதற்கு ஒரு கிளையும் வேண்டும்.

வெயிலும் நிழலும்

பாம்பின் உடம்பு தானாகச் சூடாகாது. தின்ற இரை செரிக்கவும் சூடு வேண்டும். அதனால் பெட்டியின் ஒரு முனையில் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடு வைக்கிறார்கள். மறுமுனை 20 முதல் 24 டிகிரி வரை இருக்கும். பாம்பு தனக்குப் பிடித்த இடத்துக்குப் போய்க் கொள்ளும். பெட்டி சின்னதானால் முழுவதும் சூடாகிவிடும். பாம்பு எங்கே ஓடும்?

பெரிய பெட்டியில் பாம்பு பயப்படும் என்பதும் உண்டு. பெட்டி வெறுமையாக இருந்தால்தான் அந்தப் பயம். இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள மறைவிடம் வைத்தால் பயம் போய்விடும்.

இடம் போதவில்லை என்று பாம்பு கத்திச் சொல்லாது. வெளியே போக வழி தேடி, மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துப் புண்ணாக்கிக் கொள்ளும்.

சட்டம் என்ன?

வளர்க்கும் பிராணிக்குத் தகுந்த இருப்பிடம் தர வேண்டும் என்பது இங்கிலாந்தின் 2006-ம் ஆண்டுச் சட்டம்.

நம் நாட்டிலோ, நாகம், சாரை போன்ற பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதே குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அந்தப் பாம்புகளுக்கு ஏற்ற வீடு, காடும் வயலும்தான்!